புதுக் கருத்தும் அதன் காவலும்

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர் பலரிடம் ஓர் அச்சம் உண்டு. "என் எண்ணத்தை வெளியே சொன்னால் பிறர் எடுத்துக்கொள்வரே" என்பதே அது. அந்த அச்சம் முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. சட்டம் எதைக் காக்கும், எதைக் காவாது என்று அறிந்தவர்க்கு அது பாதியாகக் குறையும். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்த்தவர்கள், அதன் மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளைக் கண்டிருப்பர். நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருத்தி, அச்சங்கிலியைப் புடவைக் கரையில் கொணர எண்ணுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதில் காக்கத்தக்கது எது?

'கோயிற் சங்கிலியைப் புடவையில் காட்டலாம்' என்னும் வெறுங்கருத்துக்குக் காவல் இல்லை. கருத்து எவர்க்கும் தனியுடைமை ஆகாது. அதற்கு ஒருவர் கொடுத்த உருவமே காவலுக்கு உரியது. 1978 ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், ஒரு நாடகத்தையும் திரைப்படத்தையும் பற்றிய வழக்கில் இக்கொள்கையைத் தெளிவாக நிலைநாட்டியது. ஆகவே அம்மாணவி முதலிற் செய்யவேண்டியது, தன் எண்ணத்தைக் கட்டத்தாளில் வரைந்து, கண்ணாற் காணத்தக்க உருவமாக்குவதாகும்.

அவ்வுருவத்தைக் காப்பது 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை கிடைக்கும். வரைந்த ஓவியத்திற்குத்தான் பதிப்புரிமை உண்டே, பதிவு எதற்கு என்று சிலர் வினவுவர். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமலே தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் ஆக்கிவிட்டால், அவ்வடிவத்தில் பதிப்புரிமை நீங்கிவிடும் என்று 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. ஆதலின், விற்பனைக்கு நெய்யத் தொடங்குமுன் பதிவுக்கு விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

பதிவுக்கு முதல் நிபந்தனை புதுமை. வடிவம் முன்னரே வெளிப்பட்டிருக்கலாகாது. இங்கேதான் பலர் இடறுகின்றனர். மகிழ்ச்சி மிகுதியால் புடவையைக் கடையில் தொங்கவிட்டு, படமெடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டுப் பின்னர் விண்ணப்பம் எழுதுகின்றனர். தாமே வெளியிட்டது தமக்கே தடையாகிவிடுகிறது.

அவ்வாறாயின் ஒருவரிடமும் காட்டாமல் தொழில் நடத்துவது எங்ஙனம்? சட்டம் இதனையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. நம்பிக்கையின் பேரில், மறைவாக வைத்துக்கொள்ளும் கடப்பாட்டோடு ஒருவரிடம் காட்டினால் அது வெளியீடு ஆகாது. பதிவு செய்யக் கருதிய புதிய துணி வடிவத்திற்கு, மறைவான முதல் ஆணையை ஏற்றுக்கொள்வதும் வெளியீடு ஆகாது. அரசு அறிவித்த கண்காட்சியில் வைப்பதாயின், முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, காட்டிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். காட்டும்போது, 'இதனைப் பிறர்க்கு வெளியிடேன், நானும் பயன்படுத்தேன்' என்று எழுத்தில் கையொப்பம் பெற்றுக்கொள்வது நன்று. நாளும் இடமும் குறித்து வைத்தால், வழக்கு நேரும்போது அத்தாளே சான்றாகும்.

மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பிறர்க்காகக் கைம்மாறு பெற்றுக்கொண்டு வரைந்த வடிவத்திற்கு, வரைந்தவர் உரிமையாளர் ஆகார். வரையச் செய்தவரே உரிமையாளர். கூலிக்கு உழைக்கும் கலைஞர் பலர் இதனை அறியார். ஆகையால், வேலையை ஏற்குமுன் உரிமை யாருக்கு என்பதைப் பேசி எழுதிக்கொள்க. பின்னர் வருந்திப் பயனில்லை.

இனி, அம்மாணவியால் தனக்கென்று உரிமை கொள்ள இயலாதவையும் உள. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, மூன்று நாடாக்களை ஓட்டிப் பின்னி இணைக்கும் கோர்வை நெசவு ஊரார்க்குப் பொதுவான அறிவு. கோபுரக் கரை, மயில், உருத்திராட்சம் ஆகியனவும் அவ்வாறே. வழிவழி வந்த அறிவுக்குக் காப்புரிமை தரலாகாது என்று நம் காப்புரிமைச் சட்டமே விலக்குகிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 இல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு எதிர்த்து வாதாடி 1997 இல் நீக்கச் செய்தது. பழைய நூற்சான்றுகளே அங்கே படைக்கலமாயின.

பொதுவான பெயருக்கும் காவல் உண்டு. 'காஞ்சிபுரம் பட்டு' என்னும் பெயர் 2005-2006 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. 1999 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இப்பதிவகம் சென்னைக் கிண்டியில் உள்ளது. இவ்வுரிமையை ஒருவர் மற்றொருவர்க்கு விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. ஊர்க்கேணியைப் போல இது ஊரார்க்கே உரியது. எனினும், பதிவு செய்த அளவில் போலி ஒழிந்துவிடாது. விசைத்தறியில் ஓட்டிய துணியைக் 'காஞ்சிப் பட்டு' என்று விற்போரைக் கண்டுபிடித்து முறையிடுவது உரியவரின் கடமை. சட்டம் பூட்டைப் போன்றது. வீட்டுக்காரர் விழித்திருந்தால்தான் அதற்குப் பயன்.

புதிய கருவி ஒன்றைப் படைத்தவர்க்கு வேறு வழி உண்டு, அதுவே காப்புரிமை. தெலங்கானாவில் ஆலேரைச் சார்ந்த சிந்தகிண்டி மல்லேசம், போச்சம்பள்ளிப் புடவைக்கு நூல் சுற்றும் பணியில் தம் தாய் கைவலியால் வருந்துவதைக் கண்டு, அதற்கென ஓர் இயந்திரத்தை 1999 இல் நிறைவு செய்தார். 'லட்சுமி ஆசு' என்று தாயின் பெயரையே அதற்குச் சூட்டி, காப்புரிமையும் பெற்றார். 2017 இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நிற்கும். கருவி முற்றுப்பெறாத நிலையில் தற்காலிக விவரக் குறிப்பைக் கொடுத்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைச் சேர்ப்பிக்கலாம். கையில் பணமும் காலமும் குறைந்த இளைஞர்க்கு இச்சலுகை பெரிதும் உதவும்.

கடைப்பெயருக்கும் முத்திரைக்கும் உரியது வணிகக்குறிப் பதிவு. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் அதற்கு முடிவே இல்லை. புடவைக் கோலங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நாணயமான பெயரோ நிலைத்து நிற்கும். ஆகவே தொழில் தொடங்கும் நாளிலேயே பெயரைப் பதிந்துகொள்வது நன்று.

இத்தனையும் கூறியது, எண்ணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக அன்று. பூட்டிய எண்ணம் தறிக்கு வாராது. யாரிடம் சொல்லவேண்டுமோ அவரிடம், எந்த அளவு சொல்லவேண்டுமோ அந்த அளவு, எழுத்தின் துணையோடு சொல்லுதலே முறை. வடிவமைப்புக்குச் சட்டம் தரும் காவல் 15 ஆண்டுகளே. அதன்பின் அது பொதுவாகிவிடும். அதனால் இழப்பொன்றுமில்லை. இன்று ஊருக்குப் பொதுவாக இருக்கும் கோர்வையும், பெயரறியாத எவரோ ஒருவர் ஒரு நாள் புதிதாக எண்ணிப் பார்த்ததே அன்றோ? அந்த 15 ஆண்டுகளுக்குள் அடுத்த கோலத்தை வரையப் பழகிக்கொண்டவரே தொழிலில் நிலைப்பர்.