பாதியில் மாறிய பேச்சு

பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தொடர்கல்வி மையத்தில் மாலை நேரத்தில் செய்தித்தாள் வாசிப்போம். ஒருநாள் அணு ஒப்பந்தம், பொருளாதாரத் தடை என்று ஒரு செய்தி வந்தது.

"தடைன்னா என்ன மக்களே?" என்று ஒரு பாட்டி கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே அவரே, "களியக்காவிளையில அரிசியைத் தடுத்தாங்களே, அது மாதிரியா?" என்றார்.

அதேதான். தமிழ்நாட்டு அரிசியை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. அப்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் மரச்சீனி தின்று நாளைக் கழித்தார்கள். சிலர் குறுக்குப் பாதையில் அரிசி சுமந்தார்கள். நாடுகளுக்குள் தடை வந்தாலும் இப்படித்தான். முதலில் தட்டுப்பாடு வரும். பிறகு மாற்றுப் பொருளும் வேறு வழியும் தேடுவார்கள்.

நம் நாட்டுக்கே இது நடந்தது. மகாராஷ்டிர மாநிலம் தாராப்பூரில் அணு மின்நிலையம் கட்ட 1963இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆனது. 30 ஆண்டுகளுக்கு அமெரிக்கா யுரேனியம் தரவேண்டும். யுரேனியம்தான் அந்த உலைக்கு விறகு.

1974 மே 18 அன்று இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. ராஜஸ்தானில் அணு உலை கட்ட உதவிய கனடா விலகிக்கொண்டது. மிச்ச வேலையை நம் பொறியாளர்களே முடித்தார்கள். அமெரிக்கா 1978இல் புதிய சட்டம் போட்டது. யுரேனியம் வாங்கும் நாடு தன் எல்லா அணு நிலையங்களையும் பன்னாட்டுச் சோதனைக்குத் திறக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 30 வருடத்துக்கு நிலத்தைப் பாட்டத்துக்குக் கொடுத்தவர், பாதியில் வந்து புது நிபந்தனை சொன்னது போல. இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு, 1982இல் பிரான்சு யுரேனியம் தர முன்வந்தது.

1998 மே மாதம் இந்தியா மறுபடியும் சோதனை நடத்தியது. அமெரிக்காவும் ஜப்பானும் தடை போட்டன. ஜப்பான் புதிய கடன்களை நிறுத்தியது. ஆனால் 2001 செப்டம்பரில் அமெரிக்கா அந்தத் தடைகளை விலக்கியது. நியூயார்க்கில் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட நேரம் அது. அமெரிக்காவுக்கு இந்தப் பக்கத்தில் துணை தேவைப்பட்டது. தடை போட ஒரு காரணம் இருந்தால், எடுக்க வேறொரு காரணம் வந்துவிடுகிறது!

இதில் நம் வீட்டு விளக்குக்கும் பங்கு உண்டு. கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல் சோவியத் நாட்டுடன் ஆனது. 1992இல் அணுப்பொருள் விற்கும் நாடுகள் கட்டுப்பாட்டை இறுக்கின. எங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தியது என்று ரஷ்யா வாதாடி, வேலையைத் தொடர்ந்தது. அங்குள்ள முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் கேரளத்துக்கு 266 மெகாவாட் ஒதுக்கப்பட்டது.

அப்படியானால் தடை பலிக்கவில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2008 வாக்கில் யுரேனியம் போதாமல் நம் உலைகள் ஏறக்குறையப் பாதித் திறனில்தான் ஓடின. அந்த ஆண்டுதான் அமெரிக்காவுடன் புதிய அணு ஒப்பந்தம் கையெழுத்தானது. 22 உலைகளில் 14 உலைகளைப் பன்னாட்டுச் சோதனைக்குத் திறக்க இந்தியா சம்மதித்தது. ராணுவத்துக்கானவை வெளியே நின்றன. இடதுசாரிக் கட்சிகள் இதை எதிர்த்து மத்திய அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டன. 1974இல் விலகிய கனடாவிலிருந்தும் 2015 டிசம்பரில் யுரேனியம் வந்து சேர்ந்தது.

"அப்போ ஈரான் காரியம்?" என்று ஓர் அக்கா கேட்டார். அவர் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்.

ஈரான் மீது கடுமையான தடைகள் இருந்தன. எண்ணெய் விற்க முடியாமல் தவித்தது. 2015இல் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஈரான் யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவாக்கக் கூடாது. பதிலுக்குத் தடைகள் நீங்கும். சோதனையாளர்கள் ஈரான் சொல் தவறவில்லை என்றே அறிக்கை தந்தார்கள். ஆனாலும் 2018 மே 8 அன்று அமெரிக்கா விலகி, மறுபடியும் தடை போட்டது. ஈரானும் படிப்படியாக வரம்பை மீறியது. 2021இல் 60 சதவீதம் வரை போனது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கின. செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்பி வந்தன.