பொதுப்புல்லில் ஏழையின் பங்கு

குருவிட்ட பக்கத்துத் தோட்டங்களில் தலையில் புல்லுக்கட்டோடு வரும் பெண்களைக் காணலாம். லயத்துக்குப் பின்னால் ஒரு பசு. பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் அதன் பால்தான் காசு. பாதையோரப் புல்லை ஒரு வீட்டார் முழுதாக அறுத்துவிட்டால் அடுத்த வீட்டுப் பசு பட்டினி. மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சகோதரிகளே! நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பங்காளிக்கு எடுக்க உரிமையுண்டு. மற்றவர் பங்கையும் வாரிக்கொள்ள உரிமையில்லை.

அரபு நாட்டில் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். ஜாஹிலிய்யாக் காலத்தில் பலமுள்ள தலைவன் அதைத் தன் மந்தைக்கென வளைத்துக்கொள்வான். இஸ்லாம் அதைப் பொதுநலனுக்கு ஆக்கியது. உமர் (ரழி) அவர்கள் ஹுனை என்பவரை ஹிமாவுக்குப் பொறுப்பாக்கியபோது இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் ஆடுகளும் மட்டுமே உள்ளவரை உள்ளே விட வேண்டும். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் (ரழி) ஆகியோரின் மந்தைகளை விடக்கூடாது. காரணம் என்ன? செல்வரின் கால்நடை அழிந்தாலும் அவருக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீபாவின் வாசலுக்கு வருவார். அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது இலகு.

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தாரும் 1517இல் ஒரு விதி செய்தார்கள். குளிர்காலத்தில் தன் தீவனத்தால் காப்பாற்றக்கூடிய அளவு மாடுகளையே ஒருவர் பொது மலைக்கு அனுப்பலாம். இத்தகைய ஊர் ஒழுங்குகளை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணானார். பயன்படுத்துவோரே கூடி விதி செய்து, தாமே கண்காணித்தால் பொதுநிலம் அழியாது என்று அவர் காட்டினார்.

நமது நாட்டில் மட்டக்களப்புப் பட்டிக்காரர்கள், பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். அறுவடைக்குப் பின் திருப்புவார்கள். பயிரும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். அந்தத் தரையில் அத்துமீறிப் பயிரிடுகிறார்கள் என்று முறையிட்டு, 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். தரையே பறிபோனால் எந்த ஒழுங்கை வைத்து என்ன பயன்?

எனவே புல் இருக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். எந்த வீட்டார் எந்த நாளில், எந்தப் பக்கம் அறுப்பது என்று முறை வையுங்கள். உங்களிடம் நான்கு பசு இருந்தால், ஒரே பசு உள்ளவளுக்கு முதலில் வழிவிடுங்கள். உமர் (ரழி) அவர்கள் மறுத்தது தம் நெருங்கிய தோழர்களுக்கு என்பதை நினைவில் வையுங்கள்.