ரப்பர் இல்லாத நோட்டு



மாங்கா என்றதும் உப்பு, மிளகாய்ப்பொடியைத் தேடாதீர்கள். நான் சொல்வது ஜப்பான் நாட்டுப் படக்கதை. நம்முடைய கடைசிப் பக்கம்தான் அதற்கு முதல் பக்கம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது 'டெத் நோட்'. சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாதா வரைந்தார். 2003 டிசம்பர் முதல் 2006 மே வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் 108 அத்தியாயங்கள் வந்தன. புத்தகமாக 12 தொகுதிகள்.

கதை இதுதான். லைட் யாகாமி என்ற மாணவனுக்கு ஒரு நோட்டு கிடைக்கிறது. ஒருவருடைய முகத்தை மனதில் நினைத்து, அதில் அவர் பெயரை எழுதினால் அவர் செத்துப்போவார். காரணம் எதுவும் எழுதாவிட்டால் மாரடைப்பு. நோட்டைப் பூமியில் போட்டது ரியூக். நம்ம ஊர் எமன் மாதிரி ஒரு ஆள். குற்றவாளிகளை ஒழிக்கிறேன் என்று தொடங்கும் லைட், பிறகு தன்னைத் தேடி வருகிறவர்களையும் எழுதித் தீர்க்கிறான். அவனைப் பிடிக்க வருபவர் 'எல்' என்ற துப்பறிவாளர்.

12 தொகுதிகள் முடிந்தபின், அதே 2006-ல் 13 என்ற எண்ணோடு ஒரு வழிகாட்டி நூல் வந்தது. பெயர் 'ஹவ் டு ரீட்'. பாத்திரங்களின் விவரம், ஆசிரியர்களின் பேட்டி எல்லாம் அதில் உண்டு. (கதையை முடிக்காமல் இதைத் திறக்காதீர்கள். எல்லா ரகசியமும் வெளியே வந்துவிடும்!)

எட்டாம் வகுப்பில் அண்ணனின் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அப்போது நான் தேடியதெல்லாம் விவரம்தான். லைட் பிறந்தது 1986 பிப்ரவரி 28. எல் பிறந்தது 1979 அக்டோபர் 31. எல்லுக்கு இனிப்பு பிடிக்கும், சாக்ஸ் பிடிக்காது. அவருடைய உண்மைப் பெயரும் அதில்தான் வெளியானது. அதை இங்கே எழுத மாட்டேன். பெயரை மறைத்துத்தானே மனுஷன் உயிரோடு இருந்தார்!

இந்த அரையாண்டு லீவில் பரணிலிருந்து அதை எடுத்து மறுபடி படித்தேன். அன்று வேகமாகப் புரட்டிவிட்ட ஒரு பகுதி இப்போது பிடித்து நிறுத்தியது. தொடருக்கு முன்பு, 2003-ல் வந்த மாதிரிக் கதை அது. அதில் லைட் இல்லை. டாரோ என்ற 13 வயதுப் பையன். தன்னை அடித்துத் துன்புறுத்தும் பசங்களின் பெயரை, டைரி என்று நினைத்து நோட்டில் எழுதிவிடுகிறான். அவர்கள் இறந்துபோகிறார்கள். பயந்து நடுங்குபவனுக்கு ரியூக் ஒரு ரப்பர் தருகிறான். பெயரை அழித்தால் செத்தவர் பிழைத்து வருவார்!

தொடராக எழுதும்போது அந்த ரப்பரை எடுத்துவிட்டார்கள். அங்கே விதி வேறு. சாகும் நேரத்தையும் விதத்தையும் 6 நிமிடம் 40 விநாடிக்குள் இரண்டு கோடு போட்டு அடித்து மாற்றலாம். ஆனால் எழுதிய பெயருக்குச் சாவு தப்பாது. ரப்பர் இருந்திருந்தால் லைட் செய்ததெல்லாம் திருத்தக்கூடிய தப்பாகப் போயிருக்கும். அது இல்லாததால்தான் அவன் பேனாவை எடுக்கும்போதெல்லாம் நமக்குப் பக்கென்கிறது. கதையில் எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட, எதை நீக்கினார்கள் என்பது முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. அதே எட்டாம் வகுப்பில் ஒரு நண்பனோடு சண்டை. கரும்பலகையில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் வருவதற்குள் டஸ்டரால் துடைத்துவிட்டேன். பலகை சுத்தமாகிவிட்டது. பெயர் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது. இன்றுவரை சில பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவன் இந்தத் தாளைப் படிப்பான். டேய், அந்தப் பேரை ஆரம்பிச்சது நான்தான். அழிக்க என்கிட்ட ரப்பர் இல்லை. மன்னிச்சிடு. இனிமே உன் சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். நண்பர்களே, நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.

– 12-ஆம் வகுப்பு மாணவன்