புதுவீடா, பழைய வீடா?

கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானுக்கு மக்கள் இரவில் மின்மினிகளைப் பார்க்கச் செல்கின்றனர். அவை கூடி ஒளிரும் பெரெம்பாங் மரங்கள், கடலின் ஏற்றம் எட்டும் ஆற்றங்கரைச் சேற்றில் வளர்பவை. வீடு வாங்க வருபவர் இம்மரங்களைப் பகலிலும் பார்ப்பது நல்லது. இது தாழ்வான நிலம் என்பதை அவை காட்டிவிடும்.

இவ்வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வோர் பலருக்கு, ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது வீட்டைப் பற்றிய கவலை எழுகிறது. தோட்ட வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் அதைக் காலி செய்ய வேண்டும். கையில் இருப்பது சேமநிதிப் பணம். அதைக் கொண்டு புதிய தாமானில் வீடு பதிவு செய்வதா, பிறர் வாழ்ந்த வீட்டை வாங்குவதா?

கட்டி முடிக்கப்படாத புதுவீட்டை வாங்குபவர், உண்மையில் ஒரு வாக்குறுதியை வாங்குகிறார். அந்த வாக்குறுதிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒப்பந்தப்படி, தரைவீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் மேம்பாட்டாளர் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு தர வேண்டும். 3 இலட்சம் ரிங்கிட் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 82 ரிங்கிட். சாவி பெற்ற பிறகு 24 மாதங்கள்வரை, கட்டுமானக் குறைகளை அவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். குறையை எழுத்து மூலம் தெரிவிப்பது முக்கியம். ஆயினும், கட்டுமானம் நடக்கும் காலத்தில் வங்கி வட்டியையும் வாடகையையும் ஒருசேரக் கட்டும் சுமை வாங்குபவருடையதே. பணி பாதியில் கைவிடப்பட்டால் இழப்பீட்டுக் கணக்கும் ஏட்டளவில் நின்றுவிடலாம்.

பழைய வீட்டுக்கு இத்தகைய காவல் இல்லை. பெரும்பாலும் இருக்கும் நிலையிலேயே அது கைமாறுகிறது. வங்கியின் கணக்கும் வேறு. உரிமையாளர் 3 இலட்சம் கேட்க, மதிப்பீட்டாளர் அதை 2 இலட்சத்து 70 ஆயிரம் என மதிப்பிட்டதாகக் கொள்வோம். மதிப்பீட்டில் 90 விழுக்காடு கடன் கிடைத்தால், வாங்குபவர் தம் கையிலிருந்து 57,000 ரிங்கிட் போட வேண்டும். அவர் எதிர்பார்த்திருந்ததோ 30,000!

ஆனால், பழைய வீடு பொய் சொல்லாது. களிமண் நிலத்தில், ஆழத் தூண்களின் மேல் எழுப்பிய வீடு அசையாமல் நிற்க, தூணின்றிப் பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறை மெல்ல இறங்கும். இரண்டும் சேருமிடத்தில் சுவர் பிளக்கும். புதுவீட்டில் இதைக் காணச் சில ஆண்டுகள் ஆகலாம். பத்தாண்டு பழைய வீட்டில் ஒரே பார்வையில் காணலாம். சுவரில் வெள்ளம் விட்ட கோடும் அப்படியே. புதுச் சாயம் கோட்டை மறைத்தாலும் அண்டை வீட்டாரைக் கேட்கலாம். அடைமழை நாளில் ஒருமுறை போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஓய்வுக்கு ஆறே மாதம் இருக்கும் குடும்பம் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க இயலாது. அவர்களுக்குப் பழைய வீடே பொருந்தும் எனத் தோன்றுகிறது. எனினும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அலுவலகத்தில் பட்டாவின் பதிவைப் பார்த்துவிட வேண்டும். நிலம் யார் பெயரில் உள்ளது, குத்தகை எனில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதம், ஒதுக்கீட்டு நிலமா, வங்கிக்கு அடகு வைக்கப்பட்டுள்ளதா என்பவை எல்லாம் அதில் இருக்கும்.