முதியோரும் மோட்டார் வண்டியும்



வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் எழுபது வயதைக் கடந்தபின் புதிய கார் வாங்க விரும்புகிறார்; அல்லது பல்லாண்டாக ஓட்டிவந்த காரை இன்னமும் தாமே ஓட்டிச் செல்கிறார். "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்தத் தொல்லை?" என்று பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள், அவரிடம் சொல்லவோ நா எழுவதில்லை. இத்தகைய நிலையில் இளையோர் தலையிடலாமா? தலையிடலாமெனில் எந்த அளவுக்கு? இதுவே இன்றைய பேச்சின் பொருள். நானும் அறுபதைக் கடந்தவன். ஆதலின் இரு தரப்பாரின் நியாயமும் எனக்கு ஒருவாறு விளங்கும்.

முதலில், வாங்குவதையும் ஓட்டுவதையும் பிரித்தறிதல் வேண்டும். தாம் ஈட்டிய பொருளைக்கொண்டு எந்தக் காரை, என்ன விலையில், எந்த நிறத்தில் வாங்குவது என்பது பெரியவரின் விருப்பம். அவர் கேட்டால் யோசனை கூறலாம். ஏறி இறங்க வாய்ப்பான இருக்கை, நான்கு புறமும் நன்கு தெரியும் கண்ணாடிகள், தானே கியர் மாறும் அமைப்பு ஆகியவை முதியோருக்கு உதவுவன. அதற்குமேல் 'வீண் செலவு' என்று தடுப்பது, அவர் சொத்தின்மீது நாம் கண் வைத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஆனால் சாலை அவருக்கு மட்டும் உரியதன்று. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவனுக்கும் அதில் உரிமை உண்டு. ஆகவே ஓட்டும் திறன் குறைந்தால், கேட்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு, கடமையும் உண்டு.

முதுமை ஓட்டும் திறனை எவ்வாறு பாதிக்கிறது? அறுபது வயதுடையவரின் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயது இளைஞருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும். கண்புரையும் சேர்ந்தால், இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும். கழுத்து எளிதில் திரும்பாது. சில மருந்துகள் உறக்கத்தைத் தரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி தாமதித்தால் நேர்வது என்னவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எனினும் வயது ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. எண்பதிலும் நிதானமாக ஓட்டுவோர் உளர். இருபதில் கண்மூடித்தனமாக விரைவோரும் உளர். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, 55 வயது நிறைந்தவர் உரிமத்தைப் புதுப்பித்தால் அது ஐந்தாண்டுக்கே செல்லும். இங்கிலாந்தில் 70 வயது முதல் மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தல் வேண்டும். அந்நாட்டின் அப்போதைய அரசியின் கணவர் பிலிப் இளவரசர், 2019 ஜனவரியில் தமது 97-ஆம் வயதில் கார் ஓட்டிச் செல்கையில் விபத்துக்குள்ளானார். அடுத்த மாதமே உரிமத்தைத் தாமாகத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

ஜப்பானின் அனுபவம் நமக்கு ஒரு பாடமாகும். அங்கு 1998 முதல் முதியோர் உரிமத்தைத் தாமே ஒப்படைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. 75 வயதைக் கடந்தவர் உரிமம் புதுப்பிக்கையில் நினைவாற்றல் சோதனைக்கும் உட்படுதல் வேண்டும். 2019 ஏப்ரலில் டோக்கியோ நகரின் இக்கெபுக்குரோ பகுதியில், 87 வயதினர் ஒருவர் ஓட்டிய கார் மோதி, ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தனர். பிரேக் என்று எண்ணி விசைமிதியை அழுத்தியதே காரணமென நீதிமன்றம் கண்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் தம் உரிமத்தை ஒப்படைத்தனர். ஒப்படைத்தவர்க்குப் பல ஊர்களில் பஸ், டாக்சிக் கட்டணச் சலுகை உண்டு. வண்டியை விடச் சொல்பவர் மாற்று வழியும் காட்ட வேண்டும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருக்கின்றனர்.

இனி, வீட்டில் செய்யத்தக்கது யாது? பெரியவர் ஓட்டுகையில் சில நாள் அருகில் அமர்ந்து கவனியுங்கள். காரில் புதிய கீறல்கள், பழகிய வழியில் தடுமாற்றம், சிவப்பு விளக்கைக் காணாமற் செல்லுதல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டால் முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்புரை அறுவைக்குப் பின் மீண்டும் நன்கு ஓட்டுவோர் பலர். குறை நீடித்தால், "தாத்தா, இரவில் மட்டும் வேண்டாம், நெடுஞ்சாலைக்கு நான் துணை வருகிறேன்" என்று படிப்படியாகச் சொல்லுங்கள். பிறர் முன்னிலையில் சொல்லாதீர்கள்; சாவியை ஒளித்து வைக்காதீர்கள். மகன் சொல்லிக் கேளாத செய்தியைப் பேரன் சொல்லக் கேட்கும் தாத்தாக்கள் உண்டு. மனக்குழப்பமோ வலிப்போ இருந்து, மருத்துவரும் கூடாதென்றால், தயக்கமின்றி நிறுத்தியே ஆகவேண்டும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். காரை விட்ட முதியவர் கோயிலையும் நண்பரையும் கடைத்தெருவையும் சேர்த்து விட நேர்ந்தால், விரைவில் வீட்டு மூலையில் முடங்கி மனம் சோர்வார். அவரிடமிருந்து சாவியை வாங்கும் கை, வாரத்தில் இரு நாளேனும் அவர் விரும்பும் இடத்துக்கு அவரை அழைத்துச் செல்லவும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பவருக்கே தலையிடும் தகுதி உண்டு என்பது என் கருத்து.