உங்களுக்குத் தெரியுமா? பூங்காவே ஆறாகும் இடம்

சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாகத்தான் ஓடியது. நேரான சுவர், பூங்காவுக்கும் கால்வாய்க்கும் நடுவே வேலி. மழைநீரைச் சீக்கிரம் கடத்திவிடுவது மட்டுமே அதன் வேலை.

2012-ல் பூங்கா புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டபோது அந்தக் கால்வாய் இல்லை. கான்கிரீட்டை உடைத்தெடுத்து, 62 ஹெக்டேர் பூங்காவுக்குள்ளேயே 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளியும் ஆறாக்கிவிட்டார்கள். வெயில் நாளில் அது பிள்ளைகள் கல் தாண்டி விளையாடும் ஓடை. கனமழை கொட்டினால் இருபுறப் புல்வெளியும் ஆறாகிவிடும். பழைய கால்வாயின் அகலம் அதிகபட்சம் 24 மீட்டர். இப்போது வெள்ளம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பரவலாம். நீர் ஏறத் தொடங்கியதும் உணர்கருவிகள் கண்டுகொள்ளும், சைரன் ஒலிக்கும், விளக்குகள் மின்னும். வெள்ளம் மெல்ல ஏறுவதால் கரையேற நேரம் கிடைக்கிறது. செங்குத்துச் சுவருக்குள் இந்த அவகாசம் கிடைக்காது.

கரையைப் பிடித்து நிறுத்துவது பாறைகளும், குச்சிக் கட்டுகளும், அவற்றில் துளிர்த்த செடிகளின் வேர்களும்தான். வேர் ஆழப் போகப் போகக் கரையும் உறுதியாகிறது. யாரும் கொண்டுவந்து விடாமலே நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்துசேர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது, உடைத்த கால்வாயின் கான்கிரீட் பாளங்களை வீசி எறியாமல் பூங்காவிலேயே குன்றாக அடுக்கியது. அதன்மேல் ஏறி நின்றால் ஆறு தெரியும்.