தோட்டத்துக்கு எந்தக் கற்றாழை?

சேலம், நாமக்கல் பக்கம் திருஷ்டி கழிய வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. கற்றாழையோ இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொண்டு, பகல் வெயிலில் மூடிக்கொள்கிறது. அதனால் இலையிலிருந்து ஆவியாகும் நீர் மிகக் குறைவு. கோடை கொளுத்தும் நம் சமவெளிக்கு இதைவிடத் தோதான செடி கிடைப்பது அரிது.

ஆனால் கற்றாழையில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு என்றால் சோற்றுக்கற்றாழைதான். இதன் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழை இதற்கு நெருங்கிய உறவில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் மடலில் நார் மிகுதி, சாறு பட்டால் தோல் அரிக்கும்.

நர்சரியில் சோற்றுக்கற்றாழை என்று இரண்டு வகைகளை விற்கிறார்கள். ஒன்று மஞ்சள் பூ பூப்பது. வளர வளர மடலின் வெள்ளைப் புள்ளிகள் மறைந்துவிடும். மற்றது ஆரஞ்சு நிறப் பூவுடையது; அளவில் சிறியது, புள்ளிகளும் மறையாது. கன்றுப் பருவத்தில் இரண்டிலுமே புள்ளி இருப்பதால் தாய்ச்செடியைப் பார்த்து வாங்குங்கள். நிறையச் சோறு வேண்டுமானால் மஞ்சள் பூ வகையே ஏற்றது. வயலில் பயிரிடுவோருக்கு லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட 'சிம்-சீத்தல்' ரகம் இருக்கிறது.

மடலை அறுத்ததும் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் பால் கசியும். கசப்பான இந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நாட்டு மருந்துக் கடையின் கரியபோளம். வயிற்றைக் கடுமையாகக் கலக்கும்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மடலைச் சாய்த்து நிறுத்திப் பாலை வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அழகுக்கு என்றால், சிவந்த பூங்கதிர் விடும் மரக்கற்றாழை ஆளுயரம் வளரும். வரி போட்ட குட்டி ஆப்பிரிக்க இனங்களைத் தொட்டியில் வைத்து மதிய வெயில் படாமல் காக்கலாம். அழகுக் கற்றாழைகளை மருந்தாக உண்ணக் கூடாது. அவற்றில் நஞ்சுள்ள இனங்களும் உண்டு.

செம்மண்ணும் சரளையும் கற்றாழைக்குப் பிடிக்கும். கரிசல் என்றால் மேட்டுப்பாத்தி போடுங்கள். ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நாமக்கல்லில் தாராளமாகக் கிடைக்கும் கோழி எருவை நன்றாக மட்கவைத்தே இடுங்கள். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கற்றாழை வாட்டத்தைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது.